நான்கு முறை நடைப்பயிற்சியை ஆரம்பித்து நான்கு முறையும் விட்டேன். விடாமல் செய்பவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

தெப்பக்குளம் கீழக்கரை | 14 செப்டம்பர், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 44. மதுரையில் வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. ஒரு கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை கடையில் நின்றுகொண்டே இருப்பேன். ஆனால் மெஷினுக்கும் கல்லாவுக்கும் நடுவில் நாலடிதான் இடம். அதை நடை என்று சொல்ல முடியாது.

ஆவணியில் ரத்தப் பரிசோதனை எடுத்தபோது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.1 என்று வந்தது. "இன்னும் சர்க்கரை நோய் ஆகவில்லை, ஆனால் வாசலுக்கு வந்துவிட்டது, தினமும் நடங்கள்" என்றார் டாக்டர். என் அப்பாவுக்கு 52 வயதில் வலது கால் பெருவிரலை எடுத்தார்கள். முதல் முறை கட்டுப் பிரித்த அன்று அவர் தன் காலையே பார்க்கவில்லை. மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நான்தான் பக்கத்தில் கிண்ணம் பிடித்துக்கொண்டு நின்றேன். அதனால் ஏன் நடக்க வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. நடந்துகொண்டே இருப்பது எப்படி என்பதுதான் தெரியவில்லை.

முதல் முறை பக்கத்து வீட்டு அக்காவோடு போனேன். ஐந்து மாதம் ஒரு நாள் தவறவில்லை. அவர் வீட்டுக்காரருக்குத் தேனிக்கு மாற்றல் வந்தது. அவர்கள் காலி செய்த மறுநாள் செருப்பு மாட்டிக்கொண்டு கேட் வரை போனேன், கொஞ்ச நேரம் நின்றேன், உள்ளே வந்துவிட்டேன். இரண்டாம் முறை ஐப்பசி மழை. ஒன்பது நாள் விடாமல் பெய்தது. மழை நின்றது, நான் திரும்பப் போகவில்லை. மூன்றாம் முறை ஒரு வேகத்தில் முதல் நாளே ஐந்து சுற்று போனேன் (ஒரு சுற்று ஏறக்குறைய ஒன்றேகால் கிலோமீட்டர்). பன்னிரண்டாம் நாள் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரமாக ஒரே வலி. நாலாம் முறை மாமியாருக்குக் கண் ஆபரேஷன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலை ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வரும். முக்கால் மணி நேரம்தான். அதற்குள் டிரம், அண்டா, குடம் எல்லாம் பிடித்தாக வேண்டும். நடக்கத் தோதான நேரமும் அதுதான்.

மாதக் காலண்டரில் நடந்த நாளுக்குச் சிவப்புப் பேனாவால் டிக் போடுவேன். வரிசையாக டிக் இருக்கும்போது மனதுக்கு அவ்வளவு திருப்தியாக இருக்கும். நடுவில் ஒரு கட்டம் காலியாகிவிட்டால் மொத்தமும் போன மாதிரி ஆகிவிடுகிறது. அப்புறம் இரண்டு மூன்று மாதம் அந்தக் காலண்டர் பக்கமே பார்ப்பதில்லை.

என்ன பயிற்சி செய்யலாம் என்று நான் கேட்கவில்லை. வருடக்கணக்கில் செய்பவர்கள் உங்கள் வீட்டில், உங்கள் வேலையில் அதை எப்படி நிறுத்தாமல் வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

---

மைதானம் | 14 செப்டம்பர், இரவு 10.55

சகோதரி, நான் ராணுவத்தில் 17 வருடம் இருந்தவன். தினமும் விடியற்காலை ஓட்டம், ஒரு நாள் தவறியதில்லை. அதை என்னுடைய கட்டுப்பாடு என்றே நினைத்திருந்தேன். ஓய்வு பெற்று ஊருக்கு வந்ததும் இரண்டு வருடம் ஒரு நாள்கூட ஓடவில்லை. அப்போதுதான் புரிந்தது. அங்கே விசில் இருந்தது, வரிசை இருந்தது, நான் வரவில்லையென்றால் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருந்தது. ஊரில் அது எதுவும் இல்லை. அதனால் ஒருவர் விட்டுவிட்டால் அவருக்கு மன உறுதி இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன்.

இப்போது எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் காவலர் தேர்வுக்குத் தயாராகும் பையன்களுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுக்கிறேன். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும், அதற்காக வருகிறார்கள். ஸ்டாப்வாட்ச் என் கையில் இருக்கிறது. நான் போகாவிட்டால் அவர்களுக்கு நேரம் குறிக்க ஆளில்லை. எனக்காக எழுந்திருக்க முடியாத நான் அவர்களுக்காக எழுந்திருக்கிறேன். அவர்களோடு நானும் ஓடிவிடுகிறேன்.

நீங்கள் ஒரே ஒரு அக்காவை நம்பி நடந்தீர்கள். நாலைந்து பேராகச் சேர்ந்து பாருங்கள். ஒருவர் மாற்றலாகிப் போனாலும் மற்றவர்கள் இருப்பார்கள். தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலையில் எத்தனையோ பேர் நடக்கிறார்களே.

---

தெப்பக்குளம் கீழக்கரை | 15 செப்டம்பர், காலை 6.35

நன்றி சார். நீங்கள் சொன்னது ஆறுதலாக இருந்தது. ஆனால் ஐந்து பேர் வரும் நேரத்துக்கு என்னால் போக முடியாது. தண்ணீர் நாளில் நான் வெளியே வரவே ஆறரை ஆகிவிடும். அவர்களைக் காக்க வைத்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும், அதற்கே போகாமல் இருந்துவிடுவேன். இன்றும் தண்ணீர் நாள்தான். இப்போதுதான் பிடித்து முடித்தேன்.

---

காவேரிக்கரை பிசியோ | 15 செப்டம்பர், மதியம் 2.10

அக்கா, நான் திருச்சியில் பிசியோதெரபிஸ்ட். நேரில் பார்க்காமல் காலைப் பற்றி முடிவாகச் சொல்லக்கூடாது. ஆனால் இத்தனை நாள் நடக்காதிருந்த கால் எடுத்த எடுப்பில் தினம் ஆறு கிலோமீட்டர் போனால், பெரும்பாலும் அந்த இடத்தில்தான் வலி வரும். தசையும் எலும்பும் பழக வாரக்கணக்காகும், ஆர்வமோ ஒரே நாளில் வந்துவிடுகிறது. இந்த முறை முதல் இரண்டு வாரம் ஒரு சுற்றுக்கு மேல் போகவே போகாதீர்கள். தெம்பு இருந்தாலும் வேண்டாம். வலி திரும்ப வந்தால் காட்டிவிடுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது, வாரத்துக்கு 150 நிமிடத்திலிருந்து 300 நிமிடம் வரை ஓரளவு மூச்சு வாங்கும்படியான உடலுழைப்பு, கூடவே வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. அதற்கு முன்பு ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்றிருந்தது, அதை எடுத்துவிட்டார்கள். காலையில் எட்டு நிமிடம், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பன்னிரண்டு நிமிடம் என்று பிரித்தாலும் கணக்கில் சேரும். சாப்பிட்டபின் நடப்பது சர்க்கரைக்கு நேரடியாகவே உதவும். போனில் பத்தாயிரம் அடி என்று காட்டுகிறதே, அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடையளவுக் கருவிக்கு வைத்த பெயரிலிருந்து பிரபலமான எண் அது. மருத்துவர்கள் கணக்குப் போட்டுச் சொன்னதல்ல.

உங்கள் நிலையில் நடை எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு நம் ஊர் ஆராய்ச்சியே இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தியது, 2006-ல் வெளியானது. சர்க்கரை நோய் வரும் வாசலில் இருந்த 531 பேரைச் சேர்த்தார்கள். மூன்று வருடக் கணக்கில், வழக்கம்போல் இருந்தவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களில் 39.3 சதவீதம் பேருக்கு வந்தது. அவர்களும் குடும்பம், வேலை என்று இருந்தவர்கள்தான்.

காலண்டர் விஷயம். லண்டனில் 96 பேரை வைத்து ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்க எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்து 2010-ல் வெளியிட்டார்கள். எல்லோரும் சொல்கிற 21 நாளெல்லாம் இல்லை. நடுவாக எடுத்தால் 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் படிவதைப் பெரிதாகக் கெடுக்கவில்லை. அந்தக் காலிக் கட்டம் உங்கள் கண்ணை உறுத்துகிறதே தவிர, உங்கள் உடம்பு அதைக் கணக்கில் வைப்பதில்லை.

தண்ணீர் நாளைக் காலி நாள் என்று நினைக்காதீர்கள். டிரம் நிறைய எத்தனை நிமிடம் ஆகும்? அந்த நேரத்தில் வாசல்படியில் வலது காலை வைத்து ஏறி இறங்குங்கள், பத்து. அப்புறம் இடது, பத்து. சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நின்று, கையை ஊன்றிச் சாய்ந்து நிமிருங்கள், பத்து. ஈரத் தரையில் வேண்டாம், வழுக்கும். அதுதான் உங்கள் தசைப் பயிற்சி.

---

முழு நைட் | 16 செப்டம்பர், மதியம் 1.25

தங்கச்சி, நான் திண்டுக்கல் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் 26 வருடமாக ஃபிட்டர். இப்போதுதான் எழுந்தேன். இந்த வாரம் எனக்கு முழு நைட். போன வாரம் அரை நைட், அதற்கு முந்திய வாரம் பகல். எனக்கு விடிவது ஒரு வாரம் காலை ஐந்து மணிக்கு, ஒரு வாரம் மதியம் ஒரு மணிக்கு. "தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து" என்று ஆரம்பிக்கிற எந்த யோசனையும் எனக்கு உதவியதில்லை. அதனால் நேரத்தோடு முடிச்சுப் போடுவதை விட்டுவிட்டேன். எப்போது எழுந்தாலும் பல் தேய்ப்பேன் அல்லவா? பல் தேய்த்து வாய் கொப்பளித்ததும் இருபது பஸ்கி, பத்து தண்டால். அதற்கப்புறம்தான் டீ. நான் பஸ்கி போடும்போது தரை அதிர்கிற சத்தம் கேட்டுத்தான் வீட்டில் பாலை அடுப்பில் வைப்பார்கள். டீ குடித்துவிட்டுக் கண்மாய்க் கரையில் அரை மணி நடை. 2018 சித்திரையிலிருந்து இப்படித்தான் போகிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. காலண்டரில் ஒரு கட்டம் காலியானால் எல்லாம் போன மாதிரி என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு எங்கள் மில்தான் ஞாபகம் வந்தது.

எங்கள் டிபார்ட்மெண்டில் ஒரு ரிங் ஃப்ரேமில், அதாவது நூல் நூற்கிற மெஷினில், 1,008 ஸ்பிண்டில் (நூலைச் சுற்றுகிற கதிர்) ஓடும். நூல் அறுந்துகொண்டேதான் இருக்கும். அறுகாத ஃப்ரேம் என்று உலகத்தில் கிடையாது. பஞ்சு நல்ல பஞ்சாக இருந்தாலும் அறும், காற்றில் ஈரப்பதம் குறைந்தாலும் அறும், ஒரு காரணமும் இல்லாமலும் அறும். அதற்காகத்தான் ஃப்ரேமைப் பார்த்துக்கொள்கிற சைடர் பிள்ளைகள் அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டே இருப்பார்கள். அறுந்த இடத்தைப் பார்த்ததும் ஸ்பிண்டிலை நிறுத்தி, நூல் சுற்றியிருக்கும் காப்பில் நூல் முனையைத் தேடி எடுத்து, டிராவலர் என்கிற சின்னக் கம்பி வளையத்தில் மாட்டி, மேலே கொக்கியில் விட்டு, ரோலரிலிருந்து வருகிற பஞ்சில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். பீஸிங் என்போம். கை பழகிய பிள்ளைக்குச் சில நொடி வேலை.

உடனே சேர்க்காவிட்டால் என்ன ஆகும்? வருகிற பஞ்சு நூலாகாமல் உறிஞ்சு குழாய்க்குள் போய் வேஸ்ட் ஆகும். குழாய் அடைத்துக்கொண்டால் பஞ்சு ரோலரிலேயே சுற்றிக்கொள்ளும். பக்கத்து நூலையும் இழுத்து அறுத்துவிடும். அப்புறம் கத்தி வைத்துக் கிழித்து எடுக்க வேண்டும், பத்து நொடி வேலை பத்து நிமிடமாகிவிடும். நஷ்டம் அறுந்ததால் வருவதில்லை, அறுந்தது கிடந்ததால் வருவது. புதிதாக வருகிற சைடர் பிள்ளைக்கு நூல் அறுகாமல் பார்த்துக்கொள் என்று யாரும் சொல்வதில்லை. சீக்கிரம் சேர்க்கத்தான் பழக்குகிறார்கள்.

நீங்கள் நாலு முறை விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நான் வேறு மாதிரி படித்தேன். நாலு முறை அறுந்தது, நாலு முறையும் சேர்க்க ஆளில்லை. மழை ஒன்பது நாள்தான் பெய்தது. பத்தாவது நாள் என்ன செய்ய வேண்டும் என்று உங்களிடம் ஏற்பாடு இல்லை. ஐந்து சுற்று போக வேண்டும் என்றால் மலைப்பாகத்தான் இருக்கும்.

2022-ல் என் அப்பா இறந்தார். பதினாறு நாள் ஒன்றும் செய்யவில்லை, செய்ய மனமும் இல்லை. காரியம் முடிந்த மறுநாள் உறவுக்காரர்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். வீட்டில் பந்தல் போட்ட குழி மட்டும் வாசலில் இருந்தது. பல் தேய்த்துவிட்டு வந்து அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே நின்று ஐந்து பஸ்கி போட்டேன். ஐந்தாவதில் தொடை நடுங்கியது. அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள் எட்டு. இருபதுக்குத் திரும்ப வர பன்னிரண்டு நாளோ என்னவோ ஆயிற்று. அந்த ஐந்துதான் எனக்கு பீஸிங். திரும்பி வருகிற அன்று போடுகிற கணக்கு இவ்வளவுதான் என்று முதலிலேயே முடிவு செய்து வைத்திருந்ததால் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

காலண்டரைத் தூக்கிப் போட வேண்டாம். டிக் போடுவதை மட்டும் மாற்றிப் பாருங்கள். நடந்த நாளுக்கு ஒன்றும் போடாதீர்கள். விட்டுப்போய்த் திரும்பி வந்த நாளில் மட்டும், எத்தனை நாள் இடைவெளி என்று எண்ணை எழுதுங்கள். ஒரு நாள் விட்டால் 1, மூன்று நாள் விட்டால் 3. அந்த எண்ணைச் சின்னதாக்குவதுதான் உங்கள் வேலை. உங்களுடைய நாலு எண்ணும் அறுபது, தொண்ணூறு என்று இருந்திருக்கின்றன. அதை 2, 3 என்று கொண்டுவந்துவிட்டால் வருடம் முழுக்க நடந்த ஆள் நீங்கள்.

திரும்பி வருகிற நாளுக்கு உங்கள் கணக்கு என்ன என்று இன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள். கேட்டிலிருந்து தெப்பக்குளத்து முதல் மூலை வரை போய்த் திரும்பினால் போதும் என்பது என் யோசனை. தெரு தெரிந்தவர் நீங்கள், நீங்களே பாருங்கள்.

---

தெப்பக்குளம் கீழக்கரை | 16 செப்டம்பர், இரவு 9.15

அண்ணே, கடையில் கூட்டம் குறைந்ததும் மூன்று முறை படித்தேன். என் பெண்ணிடமும் வாசித்துக் காட்டினேன். அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதிய இடத்தில் அவளும் பேசாமல் இருந்துவிட்டாள்.

முதல் மூலை வரை என்பது சரி. அந்த மூலையில் ஒரு இளநீர்க் கடை இருக்கிறது. அதைத் தொட்டுவிட்டுத் திரும்புவேன். பிசியோ தங்கச்சிக்கும் நன்றி. டிரம் நிறையப் பதினெட்டு நிமிடம் ஆகிறது. 18-ஆம் தேதி ஆரம்பிக்கிறேன், அன்றைக்குத் தண்ணீர் கிடையாது.

---

தெப்பக்குளம் கீழக்கரை | 29 நவம்பர், காலை 5.20

எப்படிப் போகிறது என்று எழுத வந்தேன். இன்றோடு 73 நாள்.

காலண்டரில் ஆறு எண் இருக்கிறது. 1, 2, 1, 3, 2, 1. அந்த 3 ஐப்பசி மழை. இரண்டாவது 2 தீபாவளி. முந்திய வருடமாக இருந்தால் அந்த மழையோடு முடிந்திருக்கும். நாலாம் நாள் காலை மழை நிற்கவில்லை, தூறிக்கொண்டிருந்தது. குடையை எடுத்துக்கொண்டு இளநீர்க் கடை வரை போனேன். கடை சாத்தியிருந்தது. மூடியிருந்த தார்ப்பாயை ஒரு கையால் தொட்டுவிட்டு வந்துவிட்டேன். போய்வர ஆறு நிமிடம். வீட்டுக்கு வந்து 3 என்று எழுதினேன். கை நடுங்கியது என்று சொன்னால் நம்புவீர்களா தெரியவில்லை, அப்படி ஒரு சந்தோஷம்.

இரண்டு வாரம் ஒரு சுற்று, பிறகு ஒன்றரை, இப்போது இரண்டு. கால் வலி வரவில்லை. தண்ணீர் நாளில் படி ஏறி இறங்குவது வலது இடது பதினைந்து பதினைந்தாகிவிட்டது. சுவர்ப் பயிற்சிக்கு மாமியாரும் வந்து பக்கத்தில் நிற்கிறார், அவர் ஐந்துதான் செய்வார். கண் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்கிறார்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் சரிவரவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நடப்பது. கடை சாத்தி, சமைத்து, சாப்பிட்டு முடிக்கப் பத்து மணி ஆகிறது. அப்போது தெருவில் தனியாக நடக்கத் தயக்கமாக இருக்கிறது, நாயும் நிறைய. மொட்டை மாடியில் நடந்து பார்த்தேன், இடம் சின்னது, திரும்பித் திரும்பித் தலை சுற்றுகிறது. இப்படிச் சின்ன இடத்தில் நடப்பவர்கள் யாராவது இருந்தால் எப்படி என்று எழுதுங்கள்.

சர்க்கரைப் பரிசோதனையை மார்கழி முதல் வாரம் எடுக்கச் சொல்லியிருக்கிறார் என் டாக்டர். எண் எதுவாக வந்தாலும் இங்கே போடுகிறேன். குழாயில் காற்று வரும் சத்தம் கேட்கிறது, இன்னும் ஐந்து நிமிடத்தில் தண்ணீர் வந்துவிடும். போய் டிரம்மைக் கழுவி வைக்கிறேன்.